தோட்டத்துப் பழைய பாதைகளை மூடவிடாதீர்கள்: கோலகங்சார் மாவட்ட அதிகாரிக்கு ஒரு கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்ட அதிகாரி அவர்கள்,
மாவட்ட, நில அலுவலகம்,
கோலகங்சார், பேராக்.

பொருள்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய லயம் (தோட்டப் பாட்டாளிகளின் வரிசை வீடுகள்), கோயில், இடுகாடு, ஆற்றங்கரை ஆகியவற்றுக்குப் போகும் தோட்டப் பாதைகளைப் பொது வழியாக்கிக் காப்பாற்றித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வெளியே, ஒரு காலத்தில் கித்தா (ரப்பர்) காடாக இருந்து, பிறகு செம்பனைக்கு மாறி, அப்புறம் ஒரு பகுதி மட்டும் விற்கப்பட்டு வீடுகளாகிவிட்ட தாமான் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். எங்களில் சிலர் கிள்ளான், ஈப்போ பக்கமிருந்து, இங்கேதான் வீட்டு விலை கட்டுப்படியாகிறது என்று வந்தவர்கள். மற்றவர்கள் இதே தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, லயம் காலியான பிறகு கடன் எடுத்து இங்கே வீடு வாங்கியவர்கள். இரண்டு தரப்பும் சேர்ந்து கொடுக்கிற மனு இது. எழுதுகிற நான் புதிதாக வந்த தரப்பு.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தாமானின் பின்பக்கச் சாலை முடிகிற இடத்திலிருந்து செம்பனைக்குள் ஒரு மண்பாதை போகிறது. அதில் அண்மையில் ஓர் இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு பாதைதான் உள்ளே போய்க் கிளை கிளையாகப் பிரிந்து பழைய லயத்துக்கும், முனீஸ்வரர் கோயிலுக்கும், இடுகாட்டுக்கும், ஆற்றுக்கும் போகிறது. நடந்து போகிறவர்களுக்காவது அதைத் திறந்து வைக்க வேண்டும், சட்டப்படி பொது வழி என்று பதிந்து தர வேண்டும் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

இந்தப் பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோப்பில் பார்த்தால் இது வெறும் தனியார் தோட்டச் சாலையாகத்தான் தெரியும். குடிவந்த புதிதில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் பாட்டி, அந்தத் தோட்டத்திலேயே பால்மரம் வெட்டிக் காலத்தைக் கழித்தவர், "வாங்கம்மா, வீட்டுக்குப் பின்னால என்ன இருக்குன்னு காட்டுறேன்" என்று கூட்டிப் போனார். செம்பனை வரிசைக்கு நடுவே கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி ஒன்று நின்றது. என்ன அது என்று பிள்ளைகள் கேட்டார்கள். எலி பிடிப்பதற்காகத் தோட்டம் வளர்க்கிற ஆந்தைக்கான கூண்டு என்று பாட்டி சொன்னதும் அவர்களுக்கு அதைவிட்டு நகர மனமில்லை. எலி செம்பனைப் பழத்தைத் தின்னும், மருந்து வைப்பதற்குப் பதிலாக ஆந்தையைக் குடிவைக்கிறார்கள். நகரத்துப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாத அறிவியல் பாடம் அது.

அப்புறம் பழைய பிரட்டுக்களம், வேலைக்குப் போகுமுன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற இடம். தரை முழுக்கப் புல், ஆனால் விடியற்காலையில் ஆள் கூப்பிட அடிப்பார்களே, அந்தத் தண்டவாளத் துண்டு இன்னும் ஒரு மரத்தில் கம்பியோடு தொங்குகிறது. கம்பி மரப்பட்டைக்குள் புதைந்துவிட்டது. அதற்குப் பின்னால் லயத்தின் சிமெண்டுப் படிகளும் பொதுத் தண்ணீர்த் தொட்டியும். ஓரத்தில் வெட்டாமல் விட்ட கிழட்டுக் கித்தா மரங்கள் சில. பாட்டி ஒரு மரத்துப் பட்டையில் கட்டைவிரலை வைத்து இழுத்துக் காட்டினார்: கோடு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்து இறங்க வேண்டும், அப்போதுதான் பால் நரம்பு அதிகமாக அறுபடும், ஆழமாகப் போனால் மரம் புண்ணாகும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதற்காக இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் (மர வரிசையில்) இறங்கியதைச் சொன்னார். புண்பட்ட இடங்களில் பட்டை முண்டு முண்டாகப் புடைத்திருந்தது. "இது என் கை இல்லம்மா, யாரோ கத்துக்குட்டி" என்றார்.

இதையெல்லாம் எந்த வரைபடத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கைப்பேசி வரைபடத்தில் இந்த இடம் முழுக்க ஒரே பச்சை. பாதை தெரிந்தவர்கள் எல்லாம் எழுபது வயதைத் தாண்டியவர்கள்.

இப்போது கதவு பூட்டியிருப்பதால் என்ன ஆகிறது என்றால், கோயிலுக்குப் போக நினைக்கிற வயதானவர்கள் பிரதான சாலை வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஓடுகிற, நடைபாதை இல்லாத சாலை அது. தீபாவளிக்கு முன்பு இடுகாட்டில் தாய் தகப்பன் கல்லறையைச் சுத்தம் செய்யப் போகிறவர்கள் யாரிடமாவது கெஞ்சிச் சாவி வாங்க வேண்டிய நிலை. அங்கே புதைக்கப்பட்டவர்கள் அந்தக் காட்டை அழித்து நிரை போட்டவர்கள். பெற்றவர்களுக்கு ஒரு விளக்கு ஏற்ற அனுமதி கேட்டு நிற்பது எங்களில் பலருக்குப் பெரிய மனக்கஷ்டம். இதை நாங்கள் கோபத்தோடு எழுதவில்லை, ஆனால் இது தாங்க முடியாமல் இருக்கிறது என்பதை உங்களிடம் மறைக்கவும் விரும்பவில்லை.

கதவு போட்டவர்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது. செம்பனைக் குலை திருட்டு உண்மையான பிரச்சினை, இரவில் வேன் கொண்டுவந்து ஏற்றிப் போகிறார்கள். குப்பை கொட்டுகிறவர்களும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். அதனால் கதவையே எடுத்துவிடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கதவு இருக்கட்டும், வண்டி எதுவும் போக வேண்டாம். பக்கத்தில் ஓர் ஆள் மட்டும் நுழைகிற அளவுக்கு, மோட்டார் சைக்கிள் புக முடியாதபடி வளைத்துப் போட்ட ஒரு குறுகிய வழி இருந்தால் போதும். காலை ஆறரை முதல் மாலை ஆறரை வரை என்று நேரம் குறித்தாலும் எங்களுக்குச் சம்மதம்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. தேசிய நிலச் சட்டத்தின் கீழ், பொதுமக்கள் பொதுச் சாலைக்கோ ஆற்றுக்கோ போய்ச் சேர்வதற்காக, ஒருவருக்குச் சொந்தமான நிலத்தின் வழியாகவும் பொது வழி ஏற்படுத்தும் அதிகாரம் நில நிர்வாகிக்கு உண்டு. எங்கள் பாதையின் ஒரு முனை சாலை, மறு முனை ஆறு. நில அலுவலகமும் உங்கள் பொறுப்பிலேயே இருப்பதால்தான், வேறு எங்கும் அலையாமல் நேராக உங்களிடம் வந்திருக்கிறோம். அளந்து, நில உரிமையாளரையும் கூப்பிட்டு விசாரித்து, நியாயமான ஒரு முடிவு எடுங்கள். இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தால் அது என்ன, எவ்வளவு என்று வெளிப்படையாகப் பேசுவதற்கும் நாங்கள் தயார்.

ஆற்றைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், அதில் அவசரம் இருக்கிறது. பாதை மூடியிருந்தாலும் இளம்பிள்ளைகள் வேலிக்கு அடியில் புகுந்து குளிக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். மேலே மலையில் மழை பிடித்தால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து பாய்ந்து வரும் வெள்ளம், இறங்கிவிடும். தண்ணீர் தேநீர் நிறத்துக்குக் கலங்கினாலோ, சருகும் குச்சியுமாக மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும் என்பது பாட்டிமார்களுக்குத் தெரியும், புதிதாகக் குடிவந்த எங்கள் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் இருக்கிறது, காலில் புண்ணோடு தண்ணீரில் இறங்கக் கூடாது. இந்த இரண்டையும் மலாயிலும் தமிழிலும் எழுதி ஆற்றங்கரையில் ஒரு பலகை வையுங்கள். பொது வழி விண்ணப்பம் முடிவாக எத்தனை மாதம் ஆனாலும் சரி, இந்தப் பலகை மட்டும் வரும் மழைக்காலத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம்.

பாதை பிரிகிற இடங்களிலும் சின்னச் சின்னப் பலகைகள் வேண்டும்: கோயில் இந்தப் பக்கம், லயம் இந்தப் பக்கம், இவ்வளவு நிமிட நடை என்று. செலவு பெரிதாக வராது. புல் வெட்டுவது, விழுந்த மட்டையை ஒதுக்குவது, குப்பை பொறுக்குவது இதெல்லாம் கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் பொதுப்பணி) வைத்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் ஏதோ ஒரு தாமான்காரர்களின் உடற்பயிற்சி ஆசை என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றையும் சொல்கிறேன். கோலகங்சாரில் உங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கித்தா மரம் நிற்கிறது, 1877இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில் நட்டவற்றில் மிஞ்சியது, நாட்டின் மிகப் பழைய கித்தா மரங்களில் ஒன்று என்று பலகை வைத்துக் காத்து வருகிறீர்கள். சுற்றுலா வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல காரியம். அந்த மரத்தின் வழிவந்த கோடிக்கணக்கான மரங்களில் பால் வெட்டியவர்கள் இருந்த இடத்துக்கு, அதே மாவட்டத்தில், ஒரு பலகைகூட இல்லை. மரத்துக்குக் கொடுத்த மரியாதையை மனிதர்களுக்கும் கொடுங்கள்.

சுங்கை சிப்புட் சாதாரண ஊர் இல்லை. 1948 ஜூன் 16 அன்று இந்த வட்டாரத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்ட கையோடுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது, பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் பிறந்தது இந்த ஊரில். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையும் வீடும் போய் நின்ற பாட்டாளிகளைச் சேர்த்து, அவர்கள் கொடுத்த சிறு சிறு பங்குப் பணத்திலேயே தோட்டங்களை வாங்க 1960இல் தேசிய நிலநிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். இவ்வளவு நடந்த ஊருக்கு ஈப்போவிலிருந்து வருகிற பயணிகள் நின்று பார்க்காமல் கோலகங்சார் பள்ளிவாசலுக்கு நேராகப் போய்விடுகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, இங்கே எதைப் பார்ப்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

பழையதை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே மாவட்டத்தில் உதாரணம் இருக்கிறது. கறாயில் 1900இல் திறந்த விக்டோரியா பாலத்தில் இப்போது ரயில் ஓடுவதில்லை. ஆனாலும் அதை இடிக்காமல் விட்டதால் விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வந்து பேராக் ஆற்றைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், கல்யாண ஜோடிகள் படம் எடுக்கிறார்கள், பக்கத்தில் கடை போட்டவர்களுக்கும் நாலு காசு. எங்கள் மண்பாதை அந்தப் பாலம் அளவுக்குப் பெரிது என்று சொல்லவில்லை. தோட்டத்து வாழ்க்கையைக் காலால் நடந்து பார்க்க முடிகிற இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன, எங்கள் பின்புறத்தில் ஒன்று மிஞ்சியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் கடைசியாக ஒரு வேண்டுகோள். பாதைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன, எந்த இடத்துக்கு என்ன பெயர், எங்கே பால் கொட்டகை இருந்தது, எங்கே ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) இருந்தது என்பதை எல்லாம் முதியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய நில அளவைப் பணியாளர் ஒருவரை அனுப்புங்கள். கூட நடந்து காட்ட ஆட்கள் இருக்கிறார்கள். இந்த நிலத்தில் அடுத்த வீடமைப்புத் திட்டம் வந்தாலும், அதன் வரைபடத்தில் இந்தப் பாதைக்கும் கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் இடம் ஒதுக்கச் சொல்ல அந்தப் பதிவு உதவும். திட்டம் வந்த பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும், மற்ற தோட்டங்களில் அதைத்தான் பார்த்தோம்.

நீங்களோ உங்கள் அதிகாரி ஒருவரோ ஒருநாள் காலையில் நேரில் வந்து எங்களோடு நடந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறோம். கதவுச் சாவி வைத்திருப்பவர்களையும் அன்றைக்கே அழையுங்கள், எல்லாரும் ஒரே இடத்தில் நின்று பேசினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மழை பெய்திருந்தால் அட்டை இருக்கும், காலுறையும் பூட்ஸும் போட்டு வருவது நல்லது. பசியாற நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். தேதியை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தாமான் குடியிருப்பாளர்களும் முன்னாள் தோட்டப் பாட்டாளிகளும்,
சுங்கை சிப்புட், பேராக்.

இணைப்பு: கையால் வரைந்த பாதை வரைபடம், குடியிருப்பாளர்களின் கையொப்பங்கள், பூட்டிய கதவு, இடுகாடு, ஆற்றங்கரை ஆகியவற்றின் படங்கள்.