மொய் நோட்டு இருக்கிறது, நகைப் பட்டியல் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நிச்சயதார்த்தம் முடிந்தவர்கள் திருமணத்திற்கு முன்பே சொத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்வது நல்லது என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். பத்திரம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அதை முழுமையாக ஏற்க முடியவில்லை.

கோவாவில் அத்தகைய ஒப்பந்தத்திற்குப் பொருள் உண்டு. போர்த்துக்கீசியரின் 1867-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் வழியே, திருமணத்திற்கு முன்பு வேறு ஏற்பாட்டைப் பதிவு செய்துகொள்ளாத தம்பதியின் சொத்து அங்கே பொதுவாக இருவருக்கும் உரியதாகிவிடுகிறது. நம் ஊரில் தாலி ஏறியதாலேயே ஒருவர் சொத்தில் மற்றவருக்குப் பாதி வந்துவிடுவதில்லை. வெளிநாட்டு நடிகர்களின் விவாகரத்துச் செய்திகளைப் படித்துவிட்டு அஞ்சுகிறவர்கள் இதை அறிந்திருப்பதில்லை. மேலும், பொதுக்கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு. மனைவியை அவள் பிறந்த வீட்டிலிருந்து அழைத்துப் போவதில்லை என்று, ஏறத்தாழ வீட்டோடு மாப்பிள்ளையாக, ஒருவர் திருமணத்திற்கு முன் ஒப்புக்கொண்டதைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1901-லேயே செல்லாது என்றது. பிரிந்தால் ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று மணப்பெண்ணிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்குவதால் முத்திரைத்தாளுக்குச் செலவாவதுதான் மிச்சம்.

ஆனால் சட்டமே எழுதச் சொல்லும் ஒரு தாளை நாம் எழுதுவதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-இல் வந்த விதிகளின்படி, மணமகளுக்கும் மணமகனுக்கும் வந்த அன்பளிப்புகளைத் தனித்தனியே பட்டியலிட்டு, பொருளின் விவரம், தோராய மதிப்பு, கொடுத்தவர் பெயர், உறவினராயின் உறவுமுறை ஆகியவற்றைக் குறித்து, இருவரும் கையொப்பமிட வேண்டும். மண்டப வாசலில் மேசை போட்டு நூற்றொரு ரூபாய் மொய்யைக்கூட ஊர்ப் பெயரோடு எழுதிவைக்கிற நாம், பெண் கழுத்தில் கிடக்கும் நாற்பது சவரனை எந்தத் தாளிலும் எழுதுவதில்லை. எழுதினால் சம்பந்தி வீட்டார் தவறாக நினைப்பார்களாம்! சீதனம் பெண்ணுக்கே உரியது, கணவர் வீட்டார் அதை வைத்திருப்பது ஒப்படைக்கப்பட்ட பொருளாகத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் கூறியது. என்ன ஒப்படைத்தோம் என்பதற்குத் தாள் இல்லாதபோது அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

சென்ற ஆண்டு, மணநாள் குறித்த இருவர் ஒப்பந்தம் எழுதித் தரக் கேட்டு என்னிடம் வந்தனர். அதற்கு முன் இருவரும் தத்தம் கடனைச் சொல்லுங்கள் என்றேன். மாப்பிள்ளைக்குத் தங்கை கல்யாணத்திற்கு வாங்கிய தனிநபர் கடன் இருந்தது. பெண் தன் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தாய்க்கு அனுப்பிவந்தார், திருமணத்திற்குப் பின்னும் அதை நிறுத்தும் எண்ணம் அவருக்கு இல்லை. இரண்டும் அன்றுதான் ஒருவருக்கொருவர் தெரிந்தது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்த குடும்பங்கள்! அடுத்து, இருவர் சம்பளத்திலும் தவணை கட்டப்போகும் வீட்டின் கிரயப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கும் என்று கேட்டேன். மாப்பிள்ளை சற்று யோசித்துவிட்டு, இருவர் பெயரும் என்றார். ஒப்பந்தம் எழுதாமலே திரும்பிச் சென்றார்கள்.

மேற்சொன்ன விதிகளின்படி அமைந்த மாதிரிப் பட்டியல் ஒன்றைத் தாங்கள் அடுத்த முகூர்த்த மாதத்திற்கு முன் வெளியிட்டால், என்னிடம் வருகிறவர்களுக்கு அதை நறுக்கிக் கொடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பத்திர எழுத்தர் ஒருவர்,
கும்பகோணம்.