வாய்க்கால் மேட்டில் முட்டை பொரிக்கிறேன்

ஈரோடு

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்தது. பொண்ணுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். முதுகு வலிக்கு மாத்திரையை விட நடைதான் நல்லது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். எனக்கும் இங்கே அதே பாட்டுத்தான். ஆனால் நான் நடக்கவில்லை, பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்து வெடியாலே மிதிக்கிறேன். மிதித்துக்கொண்டே போக்கிமான் பிடிக்கிறேன். சிரிக்காதே.

போக்கிமான் கோ என்று ஒரு போன் விளையாட்டு. தங்கச்சி மகன் லீவுக்கு வந்தபோது ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். 2016-இல் இதைப் பற்றி ஊரே பேசியபோது நமக்கு மஞ்சள் மண்டி தவிர வேறு ஞாபகம் ஏது! நீ எங்கே நிற்கிறாயோ அந்த இடத்தின் வரைபடம்தான் ஆட்டக்களம். நீ நகர்ந்தால் உள்ளே இருக்கும் பொம்மையும் நகரும். வழியில் தென்படும் பிராணிகளைப் பந்து வீசிப் பிடிக்க வேண்டும். அது போக முட்டைகள் கிடைக்கும். சிலது 2 கிலோமீட்டர் போனால் பொரியும், சிலது 5, சிலது 10. நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு முட்டைக்காக இப்படி மிதிக்கிற ஆள் நீங்கள் ஒருத்தர்தான் என்கிறாள் வீட்டுக்காரி.

இதில் ஒரு கட்டுப்பாடு. மணிக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சத்துக்கு மேல் போனால் முட்டைக்குத் தூரம் ஏறாது. காரில் உட்கார்ந்து ஏமாற்றக் கூடாதல்லவா, அதற்காக. தார் ரோட்டில் இந்த வேகத்தில் சைக்கிள் ஓட்டினால் பின்னால் வருகிற லாரிக்காரன் திட்டுவான். வாய்க்கால் மேட்டில் அந்தக் கவலை இல்லை. மண் தடம், கருவேல முள், எதிரே ஆட்டுப்பட்டி. வேகமாகப் போக நினைத்தாலும் முடியாது.

பெரும்பாலும் காலிங்கராயன் வாய்க்கால்தான். வெண்டிபாளையம் தாண்டி, பாசூர் வரைக்கும் கூடச் சில நாள் போய்விடுகிறேன். ஈரோட்டை ஒட்டிய பகுதியில் சாய, தோல் கழிவு கலந்து அது பட்ட பாடு உனக்கே தெரியும், அதை விடு. கீழே இறங்க இறங்க மஞ்சளும் வாழையும் நெல்லுமாக இருக்கிறது. மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் மஞ்சள் இலை வாசனை மூக்கில் ஏறினால் முட்டையாவது ஒன்றாவது என்று இறங்கி நின்றுவிடுகிறேன்.

இந்த வாய்க்கால் ஏன் இத்தனை வளைகிறது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, பாம்பு போன தடத்தில் வெட்டியது என்று வாத்தியார் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? மேட்டை விட்டு இறங்காமல், சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக் கொண்டுபோனால் வாய்க்கால் வளைந்துதான் ஆக வேண்டும் என்பது மிதிக்கும்போதுதான் காலுக்குத் தெரிகிறது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. காலிங்கராயன் இதை வெட்டிய 13-ஆம் நூற்றாண்டில் எந்தக் கருவியை வைத்து மட்டம் பார்த்தார்களோ! பவானியில் அணைக்கட்டில் தொடங்கி கொடுமுடி பக்கம் நொய்யலைத் தொடும் வரை 56 மைல். போனோ விட்டு விட்டுத்தான் இடத்தைக் குறிக்கிறது. ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் நேர்க்கோடு போட்டுக்கொள்வதால் வளைவுகளில் கொஞ்ச தூரத்தை விழுங்கிவிடுகிறது. காலிங்கராயன் வளைத்ததை இது நிமிர்த்தப் பார்க்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை மாறுதலுக்குக் கீழ்பவானி வாய்க்கால் பக்கம், அறச்சலூர் தாண்டிப் போனேன். கரையில் நின்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். புல்லறுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருத்தர் அரிவாளோடு எழுந்து வந்து, “ஏனுங்க, கான்கிரீட் போடறதுக்கு அளக்க வந்தீங்களா?” என்றார். குரலில் கோபம். அவர் கிணறு வாய்க்கால் கசிவில் ஊறுவது. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட்டால் கசிவு நின்று கிணறு போச்சு என்பது அவர் கட்சி. கடைமடையில் இருக்கும் என் மச்சானைக் கேட்டால், போடாவிட்டால் தண்ணீர் எங்களுக்கு வந்தே சேராது என்பான். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. போனைக் காட்டினேன். நீலக் கோடாக வாய்க்கால், அதன் மேல் துள்ளுகிற சிவப்பு மீன். மேஜிகார்ப் என்று பெயர், எதற்கும் உதவாது, ஆனால் அதைப் பிடிக்கப் பிடிக்க ஆட்டத்தில் கிடைக்கிற மிட்டாயை 400 சேர்த்தால் பெரிய நாகம் மாதிரி ஒன்றாக மாறும். அவர் மீனைக் கண்டுகொள்ளவே இல்லை. கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே போய், “கோயிலெல்லாம் போட்டிருக்கான், எங்க மதகைக் காணோமே” என்றார்.

வாஸ்தவம்தான். ஆட்டத்தில் பந்து வாங்குகிற இடங்கள் பெரும்பாலும் கோயிலும் சிலையும்தான். ஆட்டக்காரர்களே புது இடத்தைப் பரிந்துரைக்கலாம். போட்டோவும் ஏன் முக்கியம் என்று சில வரியும் அனுப்பினால், மற்ற ஆட்டக்காரர்கள் பார்த்து முடிவு சொல்வார்கள். அந்த மதகை நான் அனுப்பப் போகிறேன். கல் கட்டடம், இரும்புத் திருகு, பக்கத்தில் ஒரு வேம்பு, போட்டோ நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் மதகைப் பார்த்திராத ஒருத்தனுக்கு அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. நீ சங்கத்துக்கு மனு எழுதிப் பழகியவன், நாலு வரி எழுதி அனுப்பு.

அப்புறம், தை ஐந்தாம் தேதி காலிங்கராயன் தினத்துக்கு அணைக்கட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். வருவதானால் முன்கூட்டியே சொல், தம்பியின் சைக்கிள் சும்மாதான் கிடக்கிறது, டியூப் மாற்றி வைக்கிறேன். அம்மாயியை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பங்காளி