குழி நிரம்பாததில் பெருமை இல்லை: குடாநாட்டுக் கிணறுகளும் மலசலகூடங்களும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீர் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை, தண்ணீரை எங்கிருந்து கொண்டுவருவது என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நிற்கின்றன. இரணைமடுவிலிருந்து கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் நியாயமான அச்சத்தினால் பல ஆண்டுகள் இழுபட்டது. பிறகு, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீரைத் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவையெல்லாம் பேசப்பட வேண்டியவைதான். ஆனால், வளவுக்குள்ளே ஏற்கெனவே இருக்கும் தண்ணீரை எங்கள் மலசலகூடக் குழிகளே கெடுத்துக்கொண்டிருப்பதைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

குழி வெட்டிக் கட்டிய மேசனைப் பாராட்டுவதற்கு எங்கள் பகுதியில் ஒரு பேச்சு உண்டு: "கட்டின நாளிலிருந்து குழி நிரம்பினதேயில்லை." எங்களைப்போல் சுண்ணக்கல்லின் மேல் வாழ்பவர்கள் இதைக் கேட்டுக் கவலைப்பட வேண்டும். பக்கங்களைக் கட்டி அடியைத் திறந்தபடி விட்ட குழி நிரம்பவில்லையென்றால், அதற்குள் போவது வேறெங்கோ போகிறது என்பதுதான் பொருள். ஆழமான மண் உள்ள ஊர்களில் கழிவுநீர் மெதுவாகக் கசிந்து இறங்க, வழியிலேயே மண் கிருமிகளில் பெரும்பகுதியை வடிகட்டிவிடும். இங்கே செம்மண் படையைத் தாண்டினால் வெடிப்பும் பொந்துமான கல். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லுக்குள் தண்ணீர் எப்படி ஓடித் திரியும் என்று விளக்க வேண்டியதில்லை. குழியிலிருந்து வெடிப்புக்குள் இறங்குவது, அதே வெடிப்பு திறக்கும் கிணற்றுக்கு வடிகட்டப்படாமலே போய்ச் சேரலாம்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி இருந்தால் போதும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இரண்டு பரப்புக் காணி என்பது ஏறத்தாழ 5,400 சதுர அடி. அதற்குள் வீட்டையும் கட்டி, சொந்தக் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளிக் குழியையும் வெட்டினால், அது வேலிக்கு அப்பால் இருக்கும் அயலவரின் கிணற்றுக்கு அருகில்தான் போய் நிற்கும். வரைபடத்துக்கு அனுமதி தருவோர் பார்ப்பது ஒரு காணியை மாத்திரமே. நிலத்தடி நீருக்கு வேலி கிடையாது. அதோடு, அந்த 50 அடி என்ற கணக்கே மண்ணை நம்பிப் போடப்பட்டது. வெடித்த சுண்ணக்கல்லில் அந்தத் தூரம் எந்த உத்தரவாதமும் தராது.

கிருமி கலந்தால் கொதிக்க வைத்துக் குடிக்கலாம், குளோரின் போடலாம். ஆனால் மலக்கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் வந்து நீரில் கரையும் நைத்திரேற்று என்ற உப்புக்கு இவை இரண்டும் பயன்படா. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி அதன் செறிவு கூடுமே தவிரக் குறையாது. உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராமை எல்லையாக வைத்திருப்பது, முக்கியமாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை எண்ணித்தான். நைத்திரேற்று மிகுந்த நீரில் கரைத்த பால்மா அவர்களின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைத்துவிடும். வலிகாமத்துத் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அளவுக்கு மீறிப் போடப்படும் உரத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் தோட்டமே இல்லாத, வீடுகள் நெருங்கிய குறிச்சிகளிலும் நைத்திரேற்று இருந்தால் யாரைக் குறை சொல்வது?

காலநிலை மாற்றம் இந்தச் சிக்கலை இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்குகிறது. மாரியில் நிலத்தடி நீர் ஏறிக் குழிகளின் அடியைத் தொடுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயலின்போதும் 2020 டிசம்பரில் புரேவியின்போதும் வெள்ளம் நின்ற தாழ்ந்த இடங்களில் கிணறும் குழியும் ஒரே தண்ணீருக்குள் கிடந்தன. இத்தகைய கடும் மழை இனி அடிக்கடி வரும் என்றே அறிவியலாளர் எச்சரிக்கின்றனர். கோடையில் நிலைமை வேறு. எங்கள் நன்னீர், உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படை. கடல்மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் பால பாடம்; ஆகவே மோட்டார் போட்டு ஓரடி குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உவர் அதே விகிதத்தில் ஏறும். வறட்சி நீண்டு, கடல்மட்டமும் உயர உயர, எஞ்சும் நன்னீர் குறையும். குழியிலிருந்து சேரும் கழிவு குறையாது.

கடல்நீரைச் சுத்திகரித்துத் தருகிறார்களே, கிணறு எதற்கு என்று கேட்போர் மாலைதீவின் தலைநகரைப் பார்க்க வேண்டும். மாலேயிலும் ஒரு காலத்தில் எல்லோரும் கிணற்று நீரையே குடித்தார்கள். வீட்டுக் கழிவு அந்த மெல்லிய நன்னீர்ப் படைக்குள் இறங்கியது. 1978இல் வாந்திபேதி பரவியது. இறுதியில் நிலத்தடி நீரைக் கைவிட்டுக் கடல்நீர்ச் சுத்திகரிப்பையே முழுதாக நம்ப வேண்டி வந்தது. 2014 டிசம்பரில் அந்த நிலையத்தில் தீப்பிடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குழாய்நீரின்றித் தவித்தார்கள். இந்தியா விமானத்தில் தண்ணீர் அனுப்பியது. மின்சாரமும் எரிபொருளும் எப்போது நிற்கும் என்று தெரியாமல் 2022ஐக் கடந்து வந்த நாங்கள், கிணற்றைக் கைவிட்டுக் குழாயை மாத்திரம் நம்புவது புத்திசாலித்தனம் அல்ல.

மலசலகூடம் கட்டிக் கொடுப்பதோடு சுகாதாரம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் இலங்கையில் மாத்திரம் இல்லை. 2022ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் 350 கோடிப் பேருக்குப் பாதுகாப்பாகப் பராமரிக்கப்படும் கழிப்பிட வசதி இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கணக்கிட்டன. இவர்களில் பலருக்கு வீட்டில் மலசலகூடம் உண்டு. கழிவு எங்கே போகிறது என்பதற்குத்தான் பதில் இல்லை. போருக்குப் பின் குடாநாட்டில் எழுந்த புதிய வீடுகள் பலவற்றின் நிலையும் இதுவே.

சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்தபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள், வழக்காடினார்கள், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அங்கே குற்றம் சாட்ட ஒரு நிறுவனம் இருந்தது. மலக்குழி விடயத்தில் ஒவ்வொரு வீடும் பிரதிவாதி. அதனால்தான் இந்த மௌனம் என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டியவை பெரிய பொறியியல் அதிசயங்கள் அல்ல. அடி திறந்த குழியுள்ள எந்த வீட்டு வரைபடத்துக்கும் பிரதேச சபைகள் இனி அனுமதி தரக் கூடாது. அடியும் பக்கமும் சீமெந்திட்ட இரு அறைத் தொட்டி கட்டி, அதிலிருந்து வரும் நீரை ஆழத்துக்கு விடாமல் மேல்மண்ணில், வாழை போன்றவற்றின் வேர் எட்டும் மட்டத்தில் பரவ விட வேண்டும். இத்தகைய தொட்டி நிரம்பும், நிரம்பத்தான் வேண்டும். ஆகவே அதைக் காலத்துக்குக் காலம் எடுக்கப் பவுசர்களும், எடுத்ததைச் சுத்திகரிக்க முறையான இடமும் சபைகளிடம் இருக்க வேண்டும். அந்த இடத்தை ஒழுங்கு செய்யாமல் பவுசரை மாத்திரம் வாங்கினால், இரவில் ஏதோவொரு பற்றைக் காணியில் கழிவு கொட்டப்படும். அதுவும் கிணற்றுக்குத்தான் வரும். வசதியற்ற குடும்பங்கள் பழைய குழியை மாற்றுவதற்கான செலவில் ஒரு பகுதியை, நீர் வழங்கலுக்கு ஒதுக்கும் நிதியிலிருந்தே கொடுப்பது முறை.

இவை நிறைவேறக் காலம் எடுக்கும். அதுவரை, அடுத்த மாரிக்கு முன்னும் பின்னும் பொதுக் கிணறுகளின் நீரைப் பரிசோதித்து, நைத்திரேற்றின் அளவையும் மலக்கிருமி உள்ளதா என்பதையும் ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவின் அறிவித்தல் பலகையிலும் ஒட்டும்படி சுகாதாரத் திணைக்களத்தையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையும் தங்கள் பத்திரிகை ஊடாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உரும்பிராய்.