சூடானால் அறுந்துபோகும் ரோட்டார்: வாரண்டி மறுக்கப்பட்டது குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா, வணக்கம்.

உங்கள் மதுரைக் கிளையில் 5,800 ரூபாய் கொடுத்து என் டாக்சிக்கு ரீகண்டிஷன் (பழையதைச் சரிசெய்து புதுப்பித்த) ஆல்டர்னேட்டர் மாட்டினேன்; வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி அது. ஆறு மாத வாரண்டி. மூன்றாவது வாரமே, திருச்சியிலிருந்து இரவில் திரும்பும்போது விராலிமலை தாண்டியதும் சார்ஜ் லைட் எரிந்தது. ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்தது. பின் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம்.

மறுநாள் காலை உங்கள் கிளையில் பார்த்தபோது 14.1 வோல்ட் என்று சரியாகவே சார்ஜ் ஆனது. "ஓடி ஓடிச் சூடானால்தான் போகுது" என்று சொன்னேன். உங்கள் ஆட்கள் பிரித்து, உள்ளே சுழலும் காயிலான ரோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு ஸ்லிப் ரிங்கிலும் (வளையம்) மீட்டரை வைத்துவிட்டு, ரோட்டார் நல்லா இருக்கு, பேட்டரிதான் போச்சு என்றார்கள். 5,400 ரூபாய்க்குப் புது பேட்டரி வாங்கினேன். நான்கே நாளில் அதே பழுது.

கடைசியில் மேலூரில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் என் கண் முன்னால் பிரித்தார். முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டார்: 0.3 ஓம், அது மீட்டர் வயரின் கணக்கு. அப்புறம் ஸ்லிப் ரிங்குகளில் வைத்தார்: 3.2. கழித்தால் 2.9, சரியான அளவுதான். ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார், காயிலிலிருந்து ஷாஃப்ட்டுக்குக் கரண்ட் கசியும் பாடி ஷார்ட்டும் இல்லை. இதோடு விட்டிருந்தால் அவரும் உங்கள் ஆட்கள் சொன்னதையே சொல்லியிருப்பார்.

அவர் ஹாட் ஏர் கன்னால் ரோட்டாரைச் சூடாக்கிக்கொண்டே என்னை மீட்டரைப் பார்க்கச் சொன்னார். 3.5, 3.8 என்று ஏறியது. காப்பர் சூடானால் அவ்வளவு ஏறுவது இயல்பாம். திடீரென்று எண் மறைந்து, இடது ஓரத்தில் ஒற்றை 1 மட்டும் நின்றது. சர்க்யூட் அறுந்துவிட்டது. ஆறியதும் மறுபடி 3.2. காயில் நுனியை ஸ்லிப் ரிங்கோடு பற்றவைத்த இடத்தைப் பல்குச்சியால் தொட்டுக் காட்டினார். வயர் ஆடியது, ஈயம் பளபளப்பில்லாமல் சாம்பல் நிறத்தில் பொரிந்து கிடந்தது. அந்த ஸ்லிப் ரிங் நீங்கள் புதிதாக மாட்டியது, பில்லிலேயே இருக்கிறது.

இப்போது உங்கள் கிளையில், வெளியாள் பிரித்ததால் வாரண்டி கிடையாது என்கிறார்கள். முதலில் உங்களிடம்தானே வந்தேன்?

ஆல்டர்னேட்டருக்கும் பேட்டரிக்கும் சேர்த்து 11,200 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில்லும், மீட்டர் ரீடிங் மாறும் வீடியோவும் இணைத்துள்ளேன். ரோட்டார் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஆளை அனுப்பினால் அவர் முன்னாலேயே சூடாக்கிக் காட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்