‘தண்ணி ஆயில்’ புகார்: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சம்பா உழவு நேரம், பட்டறை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. “தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுப்பே இல்லை, தண்ணி ஆயில் ஊத்துறாங்க” என்று நம் பட்டறையைப் பற்றி ஒரு குரல் பதிவு மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்து வாட்ஸப் குழுக்களில் சுற்றுகிறது. பல வருஷம் வண்டி விட்டவர்களே அதைப் போட்டுக் காட்டிக் கேட்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

விரலில் தொட்டு ஆயிலின் தரத்தைச் சொல்ல முடியாது. நம்மில் பலருக்கு 20டபிள்யூ-40 என்ற கெட்டி ரக ஆயில்தான் கைப்பழக்கம். இப்போதைய 100, 110 சிசி வண்டிகள் பலவற்றுக்குக் கம்பெனி கையேட்டிலேயே 10டபிள்யூ-30 என்று இருக்கிறது. முன்னால் உள்ள எண், ஆயில் குளிர்ந்திருக்கும்போது எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. குறைந்தால் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ளது, எஞ்சின் சூடேறி 100 டிகிரியில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ஆறிய 10டபிள்யூ-30 கையில் இளக்கமாகத்தான் இருக்கும். காலையில் கிக்கர் உதைத்ததும் அது சட்டென்று மேலே ஏறி எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சேரும்வரை இரும்போடு இரும்பு உரசும். கெட்டியாக இருக்கட்டும் என்று அந்த வண்டியில் 20டபிள்யூ-40 ஊற்றினால், மேலே ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும். கையேட்டில் 20டபிள்யூ-40 இருக்கிற பழைய வண்டிக்கு இன்றும் அதைத்தான் ஊற்றுகிறோம்.

கார் ஆயிலை பைக்கில் ஊற்றச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பைக்கில் கிளட்ச் தட்டுகளும் அதே ஆயிலில்தான் நனைகின்றன. டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA) என்று, கிளட்ச் நனையும் பைக்குகளுக்கான தரக்குறி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கிளட்ச் வழுக்கலாம்.

டிராக்டரில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிட்டது என்பது இன்னொரு குறை. டீசல் கரியைப் படியவிடாமல் தன்னோடு சுமப்பது ஆயிலின் வேலை, அதனால்தான் கறுக்கிறது. பயப்பட வேண்டியது வேறு: ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவும்போது பால் விட்ட காப்பி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்றில் இறங்கிய வண்டியில் இதை அவசியம் பாருங்கள். தெரிந்தால் ஸ்டார்ட் செய்யாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

டப்பா ஆயில் என்றால் சீலை உங்கள் கண் முன்னேதான் உடைக்கிறோம். யாரும் மறுபடி நிரப்பி விற்காதபடி, காலி டப்பாவை ஸ்க்ரூடிரைவரால் குத்திவிட்டுத்தான் தூக்கிப் போடுகிறோம். சந்தேகம் இருந்தால் நின்று பாருங்கள், தப்பாக நினைக்க மாட்டோம்.

2018-ல் கஜா புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்களில் ராத்திரி பகலாக ஜெனரேட்டர் வேலை பார்த்தோம். அப்புறம் தருகிறேன் என்று சொல்லிப் போனவர்கள் அத்தனை பேரும் தேடி வந்து கொடுத்தீர்கள். அந்த நன்றி எங்களுக்கு எப்போதும் உண்டு. இந்தப் பேச்சுக்கு நடுவிலும் வண்டியை இங்கேயே கொண்டுவருபவர்களுக்குக் கை கூப்புகிறோம்.

அடுத்த மாதம் முதல் பேரல் ஆயில் சில்லறையாக அளந்து தருவதில்லை, சீல் டப்பா மட்டும்தான். லிட்டருக்குக் கொஞ்சம் கூடும். வரும்போது வண்டிக் கையேட்டை எடுத்து வாருங்கள், எந்த எண் ஆயில் என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளரும் மெக்கானிக்குகளும்