ஒளி வேடம் மாற்றுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில் ஒளியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒளியை அலை என்று காட்டிய தாமஸ் யங்கையும், துகள் என்று விளக்கிய ஐன்ஸ்டீனையும் அழகாக அறிமுகம் செய்திருந்தீர்கள். ஆனால் கடைசிப் பத்தியில் ‘ஒளி சில நேரம் அலையாகவும் சில நேரம் துகளாகவும் மாறிக்கொள்கிறது’ என்று ஒரு வரி இருந்தது. இதே வரியைப் பன்னிரண்டாம் வகுப்பில் நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். அது தப்பு என்று எனக்குப் புரியவைத்தவள் ஒரு மாணவி.

அன்று, ஒளி இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாகப் போய்த் திரையில் வெளிச்சமும் இருட்டுமாகப் பட்டைகள் போடும் இரட்டைப் பிளவுச் சோதனையைக் கரும்பலகையில் வரைந்து, இது அலைக்குச் சான்று என்றேன். பக்கத்திலேயே, ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும் ஒளிமின் விளைவை வரைந்து, இது ஃபோட்டான் என்ற ஒளித்துகளுக்குச் சான்று என்றேன். அவள் எழுந்து, “டீச்சர், வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டான்தான் பிளவுக்கு வருகிறது என்றால் பட்டை விழுமா?” என்று கேட்டாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பதிலைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆனது.

1909-ல் கேம்பிரிட்ஜில் ஜி. ஐ. டெய்லர் என்ற இளைஞர் கிட்டத்தட்ட இதைத்தான் செய்து பார்த்திருக்கிறார். வாயுச் சுடரின் ஒளியைப் புகையேற்றிய கண்ணாடிகளால் மங்கவைத்து, ஓர் ஊசியின் நிழலை ஒளிப்படத் தகட்டில் விழச் செய்தார். ஒரு மைலுக்குச் சற்று அப்பால் எரியும் மெழுகுவத்தி எவ்வளவு வெளிச்சம் தருமோ, அவ்வளவுதான். அதில் தகடு சுமார் 2000 மணி நேரம், ஏறக்குறைய மூன்று மாதம் இருந்தது. கழுவிப் பார்த்தபோது, ஒளி அலை ஊசியைச் சுற்றி வளைவதால் நிழலின் ஓரத்தில் விழும் பட்டைகள் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தில் போலவே தெளிவாக இருந்தன.

வெறுமனே மங்கவைத்த ஒளியில் ஃபோட்டான்கள் கண்டிப்பாகத் தனித்தனியாகத்தான் வரும் என்று சொல்ல முடியாது என்பது உண்மைதான். அந்தக் குறையை 1986-ல் பிரான்சில் கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே மூவரும் தீர்த்தார்கள். ஒற்றை ஃபோட்டானைப் பாதி ஒளியை விடும் கண்ணாடியில் மோதவிட்டால், இரண்டு பக்கத்து உணரிகளில் ஒன்றுதான் துடித்தது. பாதி இங்கே, பாதி அங்கே என்று அது உடையவில்லை. அதே ஒற்றை ஃபோட்டான்களுக்கு முன்னால் இரண்டு பாதைகளையும் மறுபடி சேர்த்துவைத்தால், அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் வரும் குறுக்கீட்டு விளைவு தெரிந்தது.

ஆக, அவள் கேள்விக்குப் பதில் இதுதான்: ஒரு ஃபோட்டான் ஒரு புள்ளியைத்தான் வைக்கும், பட்டையைப் போடாது. ஆயிரக்கணக்கில் புள்ளிகள் சேரச் சேரப் பட்டை எழும்பும். எங்கே விழ எவ்வளவு வாய்ப்பு என்பதை அலை வகுக்கிறது; விழும்போது முழுசாக ஓரிடத்தில் விழுகிறது. ஒரே சோதனையில், ஒரே தகட்டில் இரண்டு பண்பும் இருக்கும்போது, அது எப்போது மாறிக்கொண்டது என்று சொல்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் பார்ப்பதால் ஒளி தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது என்று கட்டுரை சொல்கிறது. இதைப் படிக்கும் பிள்ளைகள் மனித மனத்துக்கு ஏதோ சக்தி இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். எந்தப் பிளவு வழியாகப் போனது என்ற தடயம் ஒரு கருவியில் பதிவானாலே பட்டைகள் அழிந்துவிடும். அறையில் ஆளே வேண்டாம்.

டெய்லரின் ஊசிக்குப் பதில் ஒரு தலைமுடி போதும். இருட்டறையில் சிவப்பு லேசர் சுட்டியின் வாயில் முடியைக் குறுக்காக ஒட்டி மூன்று மீட்டர் தள்ளியுள்ள சுவரில் அடித்தால், இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் இடைவெளியில் வரிசையாகக் கருப்பு இடைவெளிகள் தெரியும். லேசரைக் கண்ணில் மட்டும் படவிடக் கூடாது. இதைச் சிறுவர் பக்கத்தில் போடலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஜப்பானில் அகிரா டோனோமுரா குழு 1989-ல் வெளியிட்ட படவரிசை ஒன்று இருக்கிறது. அது எலக்ட்ரான்களை வைத்துச் செய்தது, ஆனாலும் கதை இதேதான். முதல் படத்தில் பத்துப் புள்ளிகள் போல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும். கடைசிப் படத்தில் பல்லாயிரக்கணக்கான புள்ளிகள் வரி வரியாக நிற்கும். திருத்தம் வெளியிடும்போது அந்த வரியை எடுத்துவிட்டு, இந்தப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை