மாலையைத் திருப்பிக் கொண்டுவந்தேன்

அல்சூர், பெங்களூரு
27.4.2025

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் நாரத்தங்காய் ஊறுகாயும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. அதோடுதான் வெள்ளிக்கிழமை சுதந்திரப் பூங்காவில் திபெத்தியர்கள் நடத்திய போராட்டத்தில் போய் நின்றேன். "நமக்கெதுக்குடி இந்த வம்பு" என்று நீ எழுதுவாய், தெரியும்.

மாடியில் குடியிருக்கும் திபெத்திய நர்ஸ் பெண் கூப்பிட்டாள். மைசூர் பக்கத்துத் திபெத்தியர் குடியிருப்பு பைலகுப்பேயில் பிறந்தவள், என் ரசத்துக்கு அடிமை. அன்றைக்கு கெதுன் சோக்கி நியிமாவுக்குப் பிறந்தநாள். 36 முடிகிறது. 1995 மே 14-ல் தலாய் லாமா இவனைத்தான் பஞ்சன் லாமா, அதாவது திபெத்திய பௌத்தத்தில் தனக்கு அடுத்த பெரிய குருவின் மறுபிறவி, என்று அறிவித்தார். மூன்றே நாளில் சீன அரசு குடும்பத்தோடு கொண்டுபோய்விட்டது. அப்போது ஆறு வயசு! அந்த வருஷமே வேறொரு பையனைப் பீடத்தில் உட்கார வைத்தார்கள். 2020-ல் கேட்டதற்கு, படித்து முடித்து வேலை பார்க்கிறான் என்றார்கள். ஆளைக் காட்டவில்லை.

இன்னொன்று கேள். கம்யூனிஸ்ட் கட்சிக்காரன் சாமி கும்பிடக் கூடாது என்கிற சீன அரசு, லாமாக்கள் மறுபிறவி எடுக்கத் தன் அனுமதி வேண்டும் என்று 2007-ல் ஆணை போட்டிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "தலாய் லாமாவுக்கு ஜூலையில் 90 ஆன்ட்டி. அடுத்தவரை அடையாளம் காட்டுவதில் பஞ்சன் லாமா சொல்லுக்கு மதிப்பு. அதற்குத்தான் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள்" என்றாள். திபெத்தில் வீட்டில் தலாய் லாமா படம் இருந்தாலே ஆபத்தாம்.

அந்தப் பூங்கா பழைய சென்ட்ரல் ஜெயில், ஞாபகமிருக்கா? எமர்ஜென்சியில் வாஜ்பாயையும் அத்வானியையும் அடைத்த இடம். இப்போது ஊரில் யார் கோஷம் போட்டாலும் அங்கேதான் போடணும். இங்கே கத்தினால் பெய்ஜிங்கில் கேட்குமா என்று அவளிடமே கேட்டுவிட்டேன். "அங்கே இருப்பவர்கள் அவர் பேரைச் சொல்ல முடியாது. நாங்களாவது சொல்லணும்" என்றாள். சரி என்று நானும் சொன்னேன், பேர் வாயில் நுழையாமல் இரண்டு தடவை தடுமாறி.

ஒரு தப்பு பண்ணப் பார்த்தேன். பிறந்தநாளாச்சே என்று மல்லிகை மாலை வாங்கிப் போயிருந்தேன். எல்லோர் கையிலும் அவனுடைய அதே சின்ன வயசுப் படம், சிவந்த கன்னம். போடப் போன கை நின்றுவிட்டது. உயிரோடு இருக்கிற பிள்ளை படத்துக்கு மாலை போடுவோமா? பைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து வீட்டுப் பிள்ளையாருக்குச் சாத்தினேன்.

மே 17 வந்தால் அவனைக் கொண்டுபோய் 30 வருஷம். அன்றைக்கும் போகணும். அதற்குள் நீ சொன்ன அந்த முழங்கால் தைலத்தை அனுப்பு.

உன்,
விசாலம்